வெள்ளைக் காரின் இடது கதவு

அத்தியாயம் 3

பாம்பன் பாலம் பொத்தென்று கீழே விழுந்தது.

பதறாதீர்கள். ராமேஸ்வரம் கடைத்தெருவில் இருபது ரூபாய்க்கு விற்கிற காந்தப் பாலம்தான் அது. எங்கள் ஆபீஸ் ஃப்ரிட்ஜில் காலண்டர் தாளைப் பிடித்துக்கொண்டிருந்ததை நாகஜோதி அக்கா கைப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். எதிரே நின்ற வெள்ளைக் காரின் இடதுபக்க முன்கதவில் மேல் ஓரமாக வைத்தார், ஒட்டிக்கொண்டது. கைப்பிடிக்குக் கீழே வைத்தார், விழுந்துவிட்டது.

“பழைய பாலமா இருக்கும்க்கா,” என்றேன்.

“பாலம் நல்லாத்தான் இருக்கு. இந்த இடத்துல ஒடுக்கு விழுந்து, அதுக்கு மேல கனமா பட்டி பாத்திருக்காங்க. காந்தத்துக்குத் தகரம் எட்டல.”

“அதத்தான் நானும் சொல்றேன்!” என்று குதித்தார் கார் சொந்தக்காரர் தர்மராஜ். “இடிச்சிருக்கான். இடிச்சிட்டு டப்பா பெயிண்ட்ட புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சு மறைச்சிருக்கான். அத அப்படியே ரிப்போர்ட்டா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க மேடம். அஞ்சு மணிக்கு நான் ஸ்டேஷன்ல இருக்கணும்.”

அப்போது மணி இரண்டே கால்.

முதலில் எங்களைப் பற்றி இரண்டு வரி. நாகஜோதி அக்கா இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். இடிபட்ட வண்டியைப் பார்த்தால், ஓட்டினவன் அன்றைக்கு யாரோடு சண்டை போட்டான் என்பதுவரை சொல்வார். வேலையை விட்டபிறகு ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு மாடி அறையில் துப்பறியும் ஆபீஸ் போட்டிருக்கிறார். நான் பாக்கர், கீழக்கரைக்காரன். அக்காவுக்குக் கார் ஓட்டுவது, போட்டோ எடுப்பது, அவர் வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் பேசுவது, இவையெல்லாம் என் பொறுப்பு. கடைசி வேலையில் எனக்கு ஓய்வே கிடையாது.

தர்மராஜுக்குத் திருவாடானைப் பக்கம் ஒரு கிராமத்தில் நாற்பது ஏக்கர். ஊரில் பெரிய வீடு, பெரிய மீசை, பெரிய கேட். கேட்டின் இரண்டு தூண்களில் ஒன்றில் கறுப்புப் பளிங்கில் ‘தர்மராஜ் இல்லம்’ என்று தங்க எழுத்து. உள்ளே நுழையும்போதே அக்கா அந்தத் தூணை ஒரு பார்வை பார்த்தார். பேர் போட்ட தூணுக்கு மட்டும் இடுப்பு உயரம் வரைக்கும் புதுச் சுண்ணாம்பு. இன்னொரு தூண் மழையில் கறுத்துக் கிடந்தது.

“ஒரு தூணுக்கு மட்டும் கல்யாணம் போலிருக்கு,” என்றேன். அக்கா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காவிட்டால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

கேஸ் இதுதான். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாம்பனில் சின்னச்சாமி என்ற மீனவரின் புது ஃபைபர் படகு ரோட்டோரம் நிறுத்தியிருந்தது. இன்னும் கடலையே பார்க்காத படகு. தனுஷ்கோடிப் பக்கமிருந்து வந்த ஒரு வெள்ளைக் கார் இடதுபக்கமாக அதன் மூக்கை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நம்பரை யாரும் பார்க்கவில்லை. வெள்ளைக் கார், இடதுபக்கம் அடி, அவ்வளவுதான் போலீஸுக்குத் தெரியும்.

தர்மராஜ் வியாழக்கிழமை கிளம்பிச் சிவகங்கையில் மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தார். மச்சினன் காரிலேயே போய், நேற்றுத் திங்கட்கிழமை இரவுதான் திரும்பியிருந்தார். இவருடைய கார் அத்தனை நாளும் வீட்டில் நின்றது. சாவி டிரைவர் வீரமணியிடம். இன்று காலை வெயில் கதவில் விழுந்தபோது, ஒரே கதவில் இரண்டு வெள்ளை தெரிந்தது. பேப்பரில் படகுச் செய்தியும் படித்திருந்தார். இரண்டையும் கூட்டினார், விடை வந்துவிட்டது. இன்ஷூரன்ஸ் பார்த்த அம்மா கையெழுத்துப் போட்டால் போலீஸ் மறுபேச்சுப் பேசாது என்று எங்களைக் கூப்பிட்டுவிட்டார்.

“வீரமணிய நாங்க பாக்கலாமா?” என்றார் அக்கா.

“ஏலே வீரமணி! இங்கன வாடா!”

வீரமணி வந்தான். முப்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை. அவனுடைய அப்பா பால்சாமி இந்த வீட்டு வயலில்தான் இன்னும் வேலை பார்க்கிறார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாள் எட்டிப் பார்த்தது. அக்கா கையை நீட்டினார், கொடுத்தான். அரசு பஸ் டிரைவர் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்க, நாளைக் காலை பத்து மணிக்குக் காரைக்குடிக்கு வரச்சொல்லிக் கடிதம். தன்மீது போலீஸில் வழக்கு எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவர வேண்டும்.

“எத்தன வருஷமா முயற்சி பண்றப்பா?”

“நாலு வருஷம் மேடம்.”

இன்றைக்கு ஐந்து மணிக்குப் புகார் பதிவானால் நாளைக்குப் பத்து மணிக்கு அந்தத் தாள் வெறும் தாள். அவனுக்கும் அது தெரியும். எனக்கு அவனைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது, அதனால் ஒரு ஜோக்கும் வரவில்லை.

“படகை நீ இடிச்சியா?”

“இல்ல மேடம்.”

“இந்தக் கதவுக்குப் பெயிண்ட் நீ அடிச்சியா?”

“இல்ல மேடம்.”

“யார் அடிச்சதுன்னு தெரியுமா?”

முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகளைப் பார்த்தான். “தெரியாது மேடம்.”

அவனை அனுப்பிவிட்டு அக்கா என் பக்கம் குனிந்தார். “ரெண்டு கேள்விக்கு என் முகத்தப் பாத்துப் பதில் சொன்னான். மூணாவதுக்கு மட்டும் கோழியப் பாத்தான்.”

“கோழியவும் விசாரிச்சுருவோமா?”

“விசாரிப்போம்.”

அந்த நேரம் தர்மராஜின் மனைவி கோகிலா காபி கொண்டுவந்தார். நாற்பது வயதுக்குள்தான். சத்தமில்லாமல் நடப்பவர். தர்மராஜ் டம்ளரை எடுத்தபோதுதான் அவருடைய வலது கையைக் கவனித்தேன். நடுவிரலில் நுனிக் கணு இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் கதிரடிக்கிற மிஷினுக்குக் கொடுத்ததாம். அந்த மிஷின் விற்றுப்போய்விட்டது, கோபம் மட்டும் போகவில்லை என்று அவரே சொன்னார்.

அக்கா கதவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன்.

“டப்பா பெயிண்ட் வேலைல என்னென்ன உண்டு, சொல்லு பாக்கர்.”

“குலுக்கணும், அடிக்கணும், ஓடணும்.”

“உருப்பட்ட மாதிரிதான். மொதல்ல நல்லாக் கழுவித் தொடைக்கணும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். பள்ளத்துல பட்டி வெச்சு, காஞ்சதும் மறுபடி தேய்க்கணும். அடிப்பூச்சு, அதுக்கு மேல கலரு, எல்லாத்துக்கும் மேல பளபளப்புக்கு லாக்கர். பெயிண்ட் படக்கூடாத எடத்துல டேப் ஒட்டிப் பேப்பர் மறைக்கணும். இந்த ஆளு எல்லாத்தையும் பொறுமையா செஞ்சிருக்கு. பட்டி தேச்ச எடம் சோப்பு மாதிரி வழுவழுன்னு இருக்கு. ஆனா இங்க பாரு.”

கைப்பிடியைச் சுற்றியும் கண்ணாடி ரப்பரின் ஓரமாகவும் பெயிண்ட்டில் சின்னச் சின்னக் குழிகள். அம்மைத் தழும்பு மாதிரி இருந்தன.

“மோந்து பாரு.”

மூக்கை ரப்பரில் வைத்தேன். எனக்கு ஏனோ எங்கள் வீட்டு அடுப்படி நினைவுக்கு வந்தது. “தேங்கா எண்ணெக்கா! எங்க உம்மா பலாப்பழம் அறுக்கும்போது இப்படித்தான் வாசம் வரும். பால் ஒட்டாம இருக்கக் கையில, கத்தில எல்லாம் எண்ணெயத் தடவிக்குவாங்க.”

அக்கா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். “இங்கயும் அதேதான் நடந்திருக்கு. டேப்பு இல்ல. பெயிண்ட் ஒட்டக்கூடாத எடத்துல எண்ணெயத் தடவியாச்சு. கைப்பிடில பெயிண்ட் ஒட்டல, சரி. ஆனா எண்ணெ வழிஞ்சு சுத்துப்பட்டுத் தகரத்துலயும் பெயிண்ட் ஒட்டாம குழி குழியாப் போச்சு. வண்டியோடவே பொழங்குறவன் இதச் செய்வானா?”

“சத்தியமா மாட்டான்.”

“யாரு செய்வா?”

பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. அடுப்படி ஜன்னலில் ஒரு சேலை நிழல் சட்டென்று விலகியது. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அக்கா நகத்தால் கதவின் கீழ் ஓரத்தைக் காட்டினார். லாக்கருக்குள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு பொடித் தூவி மாட்டிக் காய்ந்திருந்தது. “கடற்கரை மணல் ஒரு பொடி இல்ல. கோழி எறகு இருக்கு. பெயிண்ட் அடிச்ச எடம் இந்த வீடுதான். தர்மராஜ் சார், கோழிக்கூடு எங்க இருக்கு?”

“கொல்லைல. டிராக்டர் கொட்டகைக்குள்ள. அது பூட்டியே கிடக்கும், சாவி அடுப்படில.” சொல்லிவிட்டு அவரே உஷாரானார். “சாவிய எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் மேடம்? படகை இடிச்சிட்டு வந்து அங்கன ஒளிச்சு வெச்சுப் பெயிண்ட் அடிச்சிருப்பான்.”

எதைச் சொன்னாலும் வீரமணியில் கொண்டுபோய் முடிக்கும் திறமை அவருக்கு இருந்தது. இப்படிப்பட்ட ஆட்களைத்தான் துப்பறிகிறவர்கள் வேலைக்கு வைத்துக்கொள்ளக்கூடாது.

கொட்டகைக்குப் போனோம். கார் தாராளமாக நிற்கிற இடம். மூலையில் வைக்கோல் பரப்பிய கூடையில் ஒரு கோழி அடை கிடந்தது. எங்களைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். கோழியின் வலதுபக்கம் செம்பழுப்பு. இடதுபக்கம், கழுத்திலிருந்து வால்வரை, சுத்த வெள்ளை.

“சார், இது என்ன கோழி?”

“நாட்டுக்கோழி. ஏன்?”

“ஒரு பக்கம் மட்டும் பிராய்லரா இருக்கே.”

தர்மராஜ் குனிந்து பார்த்தார். பத்து நாளாகத் தன் கோழியையே பார்க்காதவர் என்பது முகத்தில் தெரிந்தது. நான் கூடைக்குள் கையை விட்டேன். இரண்டு கொத்து வாங்கினேன். மூன்று முட்டை கிடைத்தது. நாலாவது முட்டை ரொம்ப லேசாக இருந்தது, வெளிச்சத்தில் எடுத்தால் ஸ்பிரே டப்பாவின் வெள்ளை மூடி. அந்தப் பிராணி முட்டை என்று நம்பி அதையும் சேர்த்து அடைகாத்துக்கொண்டிருந்தது.

“இன்னும் பத்து நாள் விட்டிருந்தா குட்டி டப்பா பொரிச்சிருக்கும்க்கா.”

பின்னால் டம்ளர்கள் கலகலத்தன. காலி டம்ளர்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு கோகிலா வாசலில் நின்றிருந்தார். அக்கா அவரைப் பார்க்காமல், என்னைப் பார்த்து, அவருக்குக் கேட்கிறமாதிரி பேசினார்.

“மணி மூணேமுக்கால் ஆச்சு பாக்கர். அஞ்சு மணிக்கு இவரு புகார் கொடுத்துட்டாருன்னா வீரமணிக்கு நாளைக்குக் காரைக்குடி கெடையாது. நாலு வருஷ முயற்சி, ஒரே கையெழுத்துல போயிரும்.”

“என்ன புகாரு?” என்றார் கோகிலா. அன்றைக்கு நாங்கள் கேட்ட அவருடைய முதல் வார்த்தைகள் அவை. “இன்சூரன்ஸ்காரவுக வாராகன்னுதானே சொன்னீக?”

“ஒனக்கு எதுக்கு அதெல்லாம்? உள்ள போ,” என்றார் தர்மராஜ்.

கோகிலா உள்ளே போகவில்லை. தட்டை டிராக்டர் மட்கார்டின் மேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

மறுபடி காரிடம் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கோகிலாவும் பின்னாலேயே வந்தார், வீரமணி கார் பக்கம் நின்றிருந்தான். அக்கா கன்னத்தைக் கதவில் ஒட்டாத குறையாக வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தார். இரண்டு நிமிஷம் அசையவில்லை. பிறகு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, பேச்சை வேறெங்கோ கொண்டுபோனார்.

“போன புதன்கிழம ஆயுத பூஜ நல்லா நடந்துச்சா சார்?”

“நடக்காம? எங்க அய்யா காலத்துலேருந்து நம்ம வீட்டு ஆயுத பூஜன்னா ஊரே வரும்.”

“வண்டிக்குப் பட்ட யார் போட்டது?”

“நான்தான். டிராக்டரு, மோட்டாரு, மம்பட்டி, அருவா, காரு, எல்லாத்துக்கும் வீட்டுத் தலைவன் கைதான் படணும். சந்தனத்தக் குழைச்சு மூணு வெரலால ஒரு இழுப்பு. வேற எவனையும் தொடவிட மாட்டேன்.”

“கார்ல எங்கெங்க போட்டீங்க?”

“முன்னாடி, பின்னாடி, நாலு கதவுலயும்.”

“வருஷத்துல வேற எப்பவாவது?”

“ஒரே ஒரு தடவதான். கண்ட நேரத்துல போட அது என்ன பவுடரா?”

“கோகிலாம்மா, பூஜ ரூம்லேருந்து கொஞ்சம் விபூதி கொண்டு வர்றீங்களா?”

விபூதி வந்தது. அக்கா ஒரு பிடி எடுத்து, பட்டி பார்த்த இடத்துக்கு மேலே, கதவின் நடுவில் பூசினார். உள்ளங்கையால் லேசாகத் துடைத்தார். பிறகு ஊதினார்.

வெள்ளைப் பெயிண்ட்டில் சாம்பல் நிறமாக மேலே ஒரு கோடு நின்றது. கீழே ஒரு கோடு நின்றது. இரண்டுக்கும் நடுவே, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டும் தொடாமலும் ஒரு கோடு. லாக்கருக்குள் அழுந்தி, அப்படியே காய்ந்துபோன தடம்.

“ஒங்க வலது கையக் கொண்டாங்க சார். புதன்கிழமை இழுத்த மாதிரியே வைங்க.”

தர்மராஜ் மூன்று விரலையும் வைத்தார். ஆள்காட்டி விரல் மேல் கோட்டில் உட்கார்ந்தது. மோதிர விரல் கீழ்க் கோட்டில் உட்கார்ந்தது. மிஷினுக்குக் கொடுத்த நடுவிரல் கதவைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. அவர் தன் கையையே வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார்.

“டப்பா லாக்கர் மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ரெண்டு மூணு நாளைக்கு இளக்கமாவே கெடக்கும். இத அடிச்ச ஆளு கனமா வேற அடிச்சிருக்கு,” என்றார் அக்கா. “மத்த மூணு கதவுலயும் நீங்க போட்ட பட்ட கழுவினதும் போயிருச்சு. இந்தக் கதவுல போகல. ஏன்னா நீங்க புதன்கிழம வெரல வெக்கும்போது பெயிண்ட் ஈரம். அதாவது செவ்வாய்க்கிழம அடிச்ச பெயிண்ட். படகு இடிபட்டது எப்ப?”

“வெள்ளி… வெள்ளிக்கிழம.”

“வெள்ளிக்கிழம இடிக்கப்போறதுக்குச் செவ்வாய்க்கிழமையே பட்டி பாத்து வெக்கிற டிரைவர் கெடைச்சா, சம்பளத்துக்கு நாங்களே எடுத்துக்கிறோம் சார்,” என்றேன்.

“அப்புறமா இடிச்சிருந்தா?”

“இடதுபக்கம் பூராத்தையும் ஒரு அங்குலம் விடாம பாத்துட்டேன்,” என்றார் அக்கா. “இந்தப் பெயிண்ட்டுக்கு மேல ஒரு கீறல் கெடையாது. சின்னச்சாமி படகை இடிச்சது வேற வண்டி. இன்னும் ஒண்ணு கேக்கேன். அந்தச் செவ்வாய்க்கிழம வீரமணி எங்க இருந்தான்?”

தர்மராஜின் மீசை ஒரு பக்கம் இறங்கியது. “என்கூடத்தான். உரம் ஏத்த டிராக்டர எடுத்துக்கிட்டு ராமநாதபுரம் போனோம். காலைல போனவுக பொழுதுசாயத்தான் வந்தோம்.”

“ஆக, பெயிண்ட் அடிச்சதும் அவன் இல்லைங்கிறதுக்கு நீங்களே சாட்சி. ஒங்க கையும் சாட்சி. ரிப்போர்ட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

வீரமணி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கேஸ் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். தர்மராஜை நாங்கள் இன்னும் சரியாக அளந்திருக்கவில்லை.

“அப்படின்னா செவ்வாய்க்கு முன்னாடியே என் வண்டிய இடிச்சிருக்கான்!” என்று சீறினார். “எவனையோ விட்டுப் பெயிண்ட் அடிக்க வெச்சிருக்கான். எனக்குத் தெரியாம வண்டிய எடுத்ததுக்கே கேஸ் கொடுப்பேன். படகு இல்லாட்டிப் போகுது, என் கதவு இருக்குல்ல? ஏலே, சொல்லுடா, எங்க இடிச்ச?”

வீரமணி கோழியைப் பார்த்தான்.

“வாயத் தொறந்து சொல்றியா, ஸ்டேஷனுக்குப் போகவா?”

“போங்கய்யா,” என்றான் வீரமணி மெதுவாக. கடிதத்தைச் சட்டைப் பையில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினான்.

அக்கா வாயைத் திறக்கவே இல்லை. இடித்தது யார், அடித்தது யார், எல்லாம் அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இப்படி அக்கா வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பேசுவது என் வேலை. வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார்.

“இடிச்சது நான்,” என்றார் கோகிலா.

தர்மராஜ் திரும்பினார். யாரோ வேறு ஆள் பேசியதுபோல இரண்டு பக்கமும் பார்த்தார்.

“திங்கக்கிழம மத்தியானம் இடிச்சேன். செவ்வாக்கிழம நீங்க உரத்துக்குப் போனதும் பெயிண்ட் அடிச்சேன். வீரமணி வாங்கிக் கொடுத்த டப்பாதான், ஆனா அடிச்சது நான். போன்ல வீடியோவப் பாத்துப் பாத்து அடிச்சேன். டேப் இல்ல, எண்ணெயத் தடவினேன். மறுநா காலைல நீங்க சந்தனத்த எடுத்துக்கிட்டு வரும்போது எனக்கு உசிரே இல்ல. பெயிண்ட் வாசம் தெரியக்கூடாதுன்னு வீடு பூராச் சாம்பிராணி போட்டேன்.”

“ஒனக்கு… ஒனக்குக் காரு ஓட்டத் தெரியாதேடி.”

“ஆறு மாசமாக் கத்துக்கிறேன். எல்.எல்.ஆரும் வாங்கியாச்சு. அடுத்த வாரம் டெஸ்ட்டு. நான்தான் வீரமணிய ஒருத்தர்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். அதுக்காக வேலையவே விட்டுக்கொடுப்பான்னு நெனைக்கல.” குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். “சித்திரைல கடலாடிலேருந்து போன் வந்துச்சே, எங்கம்மாவுக்கு நெஞ்சு வலின்னு. நீங்க களத்துல. வீரமணி லீவு. வாசல்ல காரு நிக்கி, கையில சாவி இருக்கு. நான் ரெண்டு மணி நேரம் ஆட்டோவுக்கு நின்னேன். அம்மா பொழச்சுக்கிச்சு, அது எங்க குலசாமி புண்ணியம். அன்னைக்கு அந்தக் காரப் பாத்துக்கிட்டே நின்ன மாதிரி இன்னொரு தடவ நிக்கமாட்டேன்னு முடிவு பண்ணேன்.”

தர்மராஜ் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“எதுல இடிச்ச?” என்றார் தர்மராஜ் கடைசியில். குரல் பாதியாகிவிட்டிருந்தது.

கோகிலா கேட்டைக் காட்டினார். பாதித் தூணுக்குப் புதுச் சுண்ணாம்பு, அதற்கு மேலே கறுப்புப் பளிங்கு, தங்க எழுத்து.

“என் பேர் போட்ட தூணையா?”

“அதுதான் குறுக்க நின்னுச்சு.”

என் வாழ்க்கையில் நான் சிரிப்பை அடக்கிய மிகப் பெரிய சந்தர்ப்பம் அது. அக்கா கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார்.

தர்மராஜ் கதவைப் பார்த்தார். வழுவழுவென்று இருந்த பட்டியைத் தடவினார். “பட்டி நல்லாத்தான் தேச்சிருக்க. எத வெச்சுத் தேச்ச?”

“தோசைத் திருப்பிய வெச்சு.”

“அதான் இன்னைக்குக் காலைல தோச பிஞ்சு பிஞ்சு வந்துச்சா!”

முதலில் சிரித்தது வீரமணி. பிறகுதான் மற்றவர்கள். தர்மராஜ் சிரிக்கவில்லை, ஆனால் மீசையின் இறங்கின பக்கம் மேலே வந்தது. வீரமணியிடம் போய் நின்றார். அவனுடைய சட்டைப் பையில் கசங்கியிருந்த கடிதத்தைத் தானே எடுத்து, நீவி, திரும்ப வைத்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா.”

“சத்தியம் பண்ணிட்டேன்ய்யா.”

“நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தா?”

“போயிருந்தா போயிருப்பீங்க.” “தப்பாப் பேசிட்டேன்டா,” என்றார் தர்மராஜ். அந்த முற்றத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து அதற்கு முன்னால் வந்ததில்லை என்பது கோகிலா நிமிர்ந்து பார்த்ததிலேயே தெரிந்தது.

உடனே அடுத்த கவலை வந்துவிட்டது. “நாளைக்குக் காரைக்குடிக்கு எப்படிப் போவ?”

“ஆறு மணிக்கு பஸ்ஸு இருக்குய்யா.”

“பஸ்ஸெல்லாம் வேணாம்,” என்றார் கோகிலா. “நான் கொண்டுபோய் விடுறேன். நீ பக்கத்துல ஒக்காந்துக்க, வீரமணி. ‘எல்’ போர்டு கொட்டகைல இருக்கு.”

“கோழிக்கு அடியிலயாம்மா?” என்று கேட்டேன்.

தர்மராஜ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இவன் போய்விட்டால் நாளை மறுநாள் வண்டியை ஓட்டப்போவது யார் என்ற கணக்கு அவர் முகத்தில் ஓடியது. “நானும் வாரேன். பின்னாடி ஒக்காந்துக்கிறேன்,” என்றார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு நாங்களும் அங்கே இருந்தோம். பாம்பனுக்குப் போய்ச் சின்னச்சாமியின் படகைப் பார்க்கிற வேலை இருந்தது. ஆனால் கேட்டைத் தாண்டுகிற அந்த ஒரு நிமிஷத்தைப் பார்க்காமல் போக என்னால் முடியாது என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

கோகிலா ஸ்டியரிங்கில். பக்கத்தில் இஸ்திரி போட்ட வீரமணி, மடியில் சான்றிதழ் ஃபைல். தர்மராஜ் மட்டும் பின் சீட்டில் இல்லை. கேட்டுத் தூணுக்கு முன்னால், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தன் பெயரை மறைத்தபடி நின்றார்.

கார் நகர்ந்தது. ஒரு சாண் இடைவெளி, ஒரு உரசல் இல்லாமல் தூணைத் தாண்டி ரோட்டில் நின்றது. தர்மராஜ் கையை இறக்கினார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். விபூதி. டிரைவர் கதவருகே குனிந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு, கோகிலா பிடித்திருந்த ஸ்டியரிங்கின் நடுவில் மூன்று விரலால் ஒரு இழுப்பு இழுத்தார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு.

“ஆயுத பூஜ போன வாரமே முடிஞ்சிருச்சுங்க,” என்றார் கோகிலா.

“தெரியும்,” என்று சொல்லிவிட்டு, பின் கதவைத் திறந்து ஏறி, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார் தர்மராஜ். “மெதுவாப் போ.”

கார் வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தோம். பதினொன்றரை மணிக்கு, பாம்பனில் படகின் உடைந்த மூக்கை நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, வீரமணியிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது. ‘வழக்கு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.’ அக்கா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு படகின் மூக்கில் காந்தப் பாலத்தை வைத்துப் பார்த்தார்.

“ஃபைபர்ல காந்தம் ஒட்டாதுக்கா,” என்றேன்.

“தெரியும். ஒன் கண்ணு படகுல இருக்கா, அந்த ஒரு வரியிலயே இருக்கான்னு பாத்தேன்,” என்றார் அக்கா. “அழாம போட்டோ எடு.”